கனகண்ணையின் கல்வெட்டு

மீனாம்பிகை பாஸ்வேட்டை அடித்து என்டரைத் தட்டினாள். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு அவளுடைய பெயரும் வெறும் கட்டமும் பழையபடி வந்து நின்றன. இன்னொரு தரம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். மறுபடியும் கறுத்தது. மறுபடியும் அதே கட்டம்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பாஸ்வேட்டை மாத்தினீங்களோ?"

அவள் கணவன் தில்லைநாதன் வெளியே பீற்றூட் பாத்திகளுக்குள் நின்றான். இரவு முழுக்க மழை. இணுவிலின் செம்மண் தண்ணீரை விழுங்கி விழுங்கிக் களைத்துப்போய், இனி ஏலாது என்று வரம்புக்கு மேலே விட்டிருந்தது. மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி விட்டபடியே அவன் சொன்னான்.

"எனக்கு உது என்னெண்டே தெரியாது. நீதானே அடிக்கிறனி."

"திறக்குதில்லை."

"நேற்றுத் திறந்ததுதானே."

"நேற்றுத் திறந்தது. இண்டைக்குத் திறக்குதில்லை."

அவன் கால் கழுவாமலே வந்து யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை. "மழைக்குக் குளிர் பிடிச்சிட்டுதாக்கும்" என்றான்.

மீனாம்பிகைக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை மறுநாள் கனகரத்தினத்தின் அந்தியேட்டி, செத்த முப்பத்தோராம் நாள். காலையில் கீரிமலையில் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கல்வெட்டுக் கொடுக்க வேண்டும். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி என்று போகிற சிறு புத்தகம் அது. ஒத்துப்போகாத குடும்பம்கூட அன்றைக்குக் கல்வெட்டில் ஒன்றாக நிற்கும். வீட்டின் இந்தப் பக்க அறையில் இருந்துதான் மீனாம்பிகை அவற்றை அடித்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்புகிறாள். படம் வாங்கவும், வம்சாவளியில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டு வரவும் தில்லைநாதன் மோட்டார்சைக்கிளில் போவான்.

கனகரத்தினம் ஊருக்கு டிரைவர் கனகண்ணை. இளைப்பாறும் வரைக்கும் பஸ் ஓட்டியவர். பிள்ளைகளின் பக்கங்கள் எல்லாம் சரிபார்க்கப் போனிலே போய், திருத்தத்தோடு திரும்பியும் வந்துவிட்டன. போகாதது ஒரே ஒரு பக்கம். கனகண்ணையின் மனைவி குணலட்சுமி, மீனாம்பிகைக்குக் குணமக்கா, நேற்றுப் பின்னேரம் தானாக வந்து, மேசைக்கு அருகில் கதிரையை இழுத்துப் போட்டுச் சொன்னது.

"பிள்ளையள் எல்லாம் எழுதி அனுப்பிப்போட்டுதுகள். என்ரை எண்டு ஒண்டும் இல்லை. நான் சொல்லுறன், நீ அடி, மீனா."

அவள் சொன்னாள். மீனாம்பிகை அடித்தாள். முடிகிறபோது குணலட்சுமி அழுதிருந்தாள். மூக்கைத் துடைத்து, தேத்தண்ணியைக் குடித்து, எழும்பிக் குடையை விரித்தபோது சொன்னாள்: "சொல்லிப்போட்டன். இனி உதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கக் கூடாது. ஒருக்காலும் திருப்பிச் சொல்ல மாட்டன்."

அந்தப் பக்கம் இந்தக் கணினிப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அச்சகத்துக்கு இன்று பொழுதுபட முன் எல்லாம் போக வேண்டும்.

தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போன் எடுத்தான். கதைத்து முடிந்ததும் உள்ளே வந்து வயர்களைக் கழற்றத் தொடங்கினான்.

"ஹாட் டிஸ்க் போயிருக்குமாம். கொண்டரச் சொல்லுறாங்கள். போமற் பண்ணினால் புதுசு மாதிரி வருமாம்." பழைய சாரம் ஒன்றால் பெட்டியைச் சுற்றினான். அதற்கு மேலால் ஒரு உரப்பையை இழுத்தான்.

"போமற் எண்டால்?"

"துடைச்சுத் தருவாங்கள்."

"எதைத் துடைக்கிறது?"

உரப்பையின் வாயைப் பிடித்தபடி அவன் கொஞ்சம் யோசித்தான். "எல்லாத்தையும்தான்."

மீனாம்பிகை பெட்டிக்கு மேலே கையை வைத்தாள். "வையுங்கோ கீழை. தம்பியைக் கேப்பம்."

"கேள், கேள். ஊரிலை எல்லாரும் விண்டோஸ் வைச்சிருக்க, உன்ரை தம்பிதானே உந்தப் பென்குவினைக் கொண்டுவந்து வைச்சவன்."

தம்பி கிருஷாந்துக்குக் கொழும்பில் வேலை. பழைய கணினி வைரஸ் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பொங்கலுக்கு வந்தவன் அதைத் துடைத்து, பென்குவின் சின்னம் உள்ள லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து கணினி ஓடினால் அது மீனாம்பிகையின் கெட்டித்தனம். நின்றால் கிருஷாந்தின் குற்றம்.

வயர்களை மறுபடி கொழுவி, போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சாய்த்து வைத்தார்கள்.

"அக்கா, சாப்பாட்டு நேரம்தான். கெதியாச் சொல்லுங்கோ. பெட்டிக்குள்ளை டக் டக் எண்டு சத்தம் ஏதும் வருதோ?"

தில்லைநாதன் குனிந்து காதை வைத்தான். "மழைச் சத்தம்தான் கேக்குது."

"அப்ப நல்லம் அத்தான். அக்கா, பாஸ்வேட் அடிக்கேக்கை, பிழை எண்டு எழுத்து வருதோ?"

"இல்லை. ஒண்டும் சொல்லாமல் கறுத்துப்போட்டுத் திரும்பி வருது."

"வேணுமெண்டு ஒருக்காப் பிழையா அடியுங்கோ, பாப்பம்."

அவள் வாய்க்கு வந்ததை அடித்தாள். கட்டம் தலையை ஆட்டியது. கீழே, பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மீனாம்பிகை அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த காலத்தில், ஒரு திரவம் நிறம் மாறாமல் நின்றால் அதுவும் ஒரு விடைதான் என்று ரீச்சர் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப பாஸ்வேட் சரி" என்றாள். "சரியா அடிச்சால்தான் ஒண்டும் சொல்லாமல் திரும்புது."

"அதுதான். நீங்கள் உள்ளுக்குப் போறீங்கள் அக்கா. உள்ளுக்கு நிக்க இடமில்லாமல் வெளியிலை தள்ளுது எண்டு நினைக்கிறன். கொன்ரோல், ஓல்ட், எஃப் மூண்டு. மூண்டையும் ஒண்டா அமத்துங்கோ."

அமத்தினாள். படமும் இல்லை, கட்டமும் இல்லை. முழுக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஒரு வரி. தில்லைநாதன் ஓரடி பின்னுக்குப் போனான். பெயரை அடித்தாள். பாஸ்வேட்டை அடிக்கத் தொடங்கி நிறுத்தினாள்.

"அடிக்கிறன், ஒண்டும் விழுகுதில்லையடா. புள்ளியும் வரேல்லை."

"வராது. விழுந்ததெண்டு நம்பி அடியுங்கோ."

நம்பி அடித்தாள். உள்ளே விட்டது.

கிருஷாந் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். டி, எஃப், இடைவெளி, கோடு, எச். திரையில் எண்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. மீனாம்பிகை விரலை வைத்து ஒரு வரியைப் பிடித்தாள்.

"நூறு வீதம் எண்டு நிக்குது."

"ஹாட் டிஸ்க்குக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா. வயிறு முட்டிப்போச்சு. அவ்வளவுதான். எது இவ்வளவு இடம் பிடிச்சுதெண்டு பாப்பம்."

பார்த்தார்கள். கனகண்ணையின் படங்களைப் போடச் சொல்லி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தில்லைநாதன், கிருஷாந் முன்பே செய்து வைத்திருந்த ஒரு லிங்கைக் கொடுத்திருந்தான். போட்டால் நேரே இந்தப் பெட்டிக்குள் வந்து இறங்கும். நல்ல படமாக நாலைந்து போடுங்கோ என்றுதான் கேட்டிருந்தான். மூத்தவர் கனடாவிலிருந்து படங்களோடு செத்தவீட்டு வீடியோவையும் போட்டிருந்தார், காலையில் பறை தொடங்கியதிலிருந்து சுடலை வரைக்கும். அதே வீடியோவை லண்டனிலிருந்து இளையவர் போட்டிருந்தார். அதையே சுவிஸிலிருந்து மகள், பிறகு மருமகன், பிறகு சகோதரங்களின் பிள்ளைகளான பெறாமக்கள்.

"எல்லாம் ஒண்டுதானே. ஏன் ஆளாளுக்குப் போட்டவை?" என்றான் கிருஷாந்.

"உனக்கு விளங்காது" என்றான் தில்லைநாதன். "மூத்தவர் போட்டவர் எண்டு தெரிஞ்சால் இளையவர் சும்மா இருப்பாரோ? பேந்து, அப்பாவின்ரை கல்வெட்டுக்கு உவன் ஒண்டும் அனுப்பேல்லை எண்டு கதை வரும்."

நேற்றுப் பின்னேரம் குணமக்கா இந்தக் கதிரையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளிநாடுகளில் விடிந்து பிள்ளைகள் எழும்பியிருக்க வேண்டும். அவள் இங்கே பேசப் பேச, அவளுடைய கணவனின் கடைசி ஊர்வலம் இந்தப் பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒண்டை வைச்சிட்டு மற்றதுகளை அழியுங்கோ அக்கா."

"பொறு" என்றான் தில்லைநாதன்.

மழை கூரையில் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"அந்தியேட்டிக்கு முதல் அந்த மனிசனை அழிக்கிறதோ?"

"அத்தான், அது கொப்பி."

"கொப்பியோ என்னவோ, எல்லாத்திலையும் கனகண்ணையின்ரை முகம்தானே கிடக்குது. நான் விடமாட்டன்."

"அப்ப பழைய ஆக்களின்ரையை அழியுங்கோ. எத்தினை வருசத்துக் கல்வெட்டுக் கிடக்குது உதுக்குள்ளை."

மீனாம்பிகை அந்தப் பட்டியலைத் திறந்தாள். கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது. அவள் தமிழில் பெயர் வைத்த கோப்புறைகள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்து கொட்டின. எல்லா வரியும் ஒரே மாதிரி.

தில்லைநாதன் திரைக்கு முன்னாலேயே வந்துவிட்டான். சேற்றுக் கால் நிலமெல்லாம் பதிந்தது. "பார் உதை. ஆர் ஆரெண்டே தெரியேல்லை. ஒவ்வொரு வீட்டிலையும் அல்பத்திலை இருந்த படத்தைக் கழட்டித் தரேக்கை, கவனம் தம்பி எண்டு சொல்லித்தான் தந்தவை. சில வீட்டிலை இருந்ததே அந்த ஒரு படம்தான். எந்தக் கட்டத்தைப் பிடிச்சு அழிக்கப் போறாய்?"

போனில் கிருஷாந் எதையோ மென்று விழுங்கினான். "அப்ப நான் என்ன செய்யிறது? உங்களுக்கு உள்ளுக்குப் போக எப்பன், ஒரு துளி இடம் வேணும். எப்பன் காணும்."

மீனாம்பிகை கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உயிரோடை இருக்கிற ஆக்களிலை துவங்குவம்" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். அவள் திரையில் ஒரு வரியைக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தபடியால் அது மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது. வொலிபோல்.

"அதுக்கை என்ன கிடக்குது?"

"உங்கடை மெட்ச் எல்லாம். போன வருசத்துப் பைனலும் கிடக்குது. நீங்கள் கடைசிச் சேர்விஸை வலையிலை அடிச்சது."

"அது வலையிலை படேல்லை."

"வீடியோவிலை பட்டிருக்குது."

"அது கமரா நிண்ட பக்கம்" என்றான் அவன். பிறகு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். கிருஷாந்துக்குத் தெரியும், அத்தானுக்குக் கோயில் திருவிழாவுக்கு அடுத்தது அந்தப் பந்துதான். "வேறை ஒண்டும் இல்லையோ?"

"நாங்கள் திருகோணமலைக்குப் போனது கிடக்குது."

"அதை விடு. அதிலை நீ வடிவா நிக்கிறாய்." பெருமூச்சு விட்டான். "சரி, அழி. அடுத்த வருசம் நாங்கள் வெல்லத்தானே போறம்."

கிருஷாந் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பெயரைக் கவனமாக ஒருமுறை வாசித்தாள். என்டர்.

"போயிட்டுதோ?"

"போயிட்டுது."

"ஓமோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையே" என்றான் தில்லைநாதன். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பெயரும் கட்டமும் இருந்த பழைய திரைக்குத் திரும்பி, பாஸ்வேட்டை அடித்தாள். கறுத்தது. கறுப்பு சிறிது நேரம் நின்றது. பிறகு அவளுடைய மேசைத்திரை, அவள் வைத்திருந்த கொன்றைப் பூப் படத்தோடு மெல்ல எழும்பி வந்தது. தில்லைநாதன் குசினிக்குப் போய் அடுப்பில் கேத்திலை வைத்தான். அடுப்படியில் அவன் விசிலடிப்பது கேட்டது.

மீனாம்பிகை குணமக்காவின் பக்கத்தைத் திறந்தாள். வெறும் வெள்ளை. கோப்பின் அளவைப் பார்த்தாள். பூச்சியம்.

நேற்று இரவு இடி முழங்கத் தொடங்கியபோது அவசரமாகச் சேமித்ததும், அப்போது ஆங்கிலத்தில் ஏதோ எழுதிய ஒரு சிறு பெட்டி திரையில் வந்ததும் நினைவுக்கு வந்தன. அவள் வாசிக்கவில்லை. ஓகேயைத் தட்டி, நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டாள். இடி என்றால் பிளக்கைக் கழற்றுவதுதான் ஊர் வழக்கம். வாசித்துக்கொண்டு நிற்பது வழக்கமில்லை.

கிருஷாந்துக்கு வேலைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. போக முதல் இன்னொரு இடத்தைச் சொன்னான். எழுதிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே தானாக ஒரு கொப்பி எடுத்து வைக்கிற இடம். அங்கே இருந்தது. பெட்டி நிரம்புவதற்கு முதல் எடுத்த கொப்பி. அரைப்பக்கம்.

டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் வருகிற நேரம், கடைசி பஸ்ஸின் ஹோன், கல்யாணமான புதிதில் அவர் கொண்டுவந்து தந்த கண்ணாடி வளையல் எல்லாம் இருந்தன. "ஒழுங்கை முடக்கால் கடைசி பஸ் போகையில் அவர் ஹோன் அடிப்பார், நான் புட்டுக்கு அடுப்பைப் பத்த வைத்து" என்ற இடத்தில் நின்றுபோனது.

அதற்கு மேலே என்ன சொன்னாள்? மீனாம்பிகை கண்ணை மூடி யோசித்தாள். மூக்கைத் துடைத்தது நினைவிருந்தது. தேத்தண்ணியில் சீனி கூட என்று சொன்னது நினைவிருந்தது. சொற்கள் காதுக்குள் போகாமல் நேரே விரலுக்குள் போயிருந்தன.

தில்லைநாதன் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தான். "மிச்சத்தை நீயே எழுதன். உனக்குத் தெரியாததே. எத்தினை கல்வெட்டு அடிச்சனி."

அவள் "என் வாழ்வின் ஒளிவிளக்கே" என்று அடித்துப் பார்த்தாள். போன மாதம் இன்னொரு வீட்டுக்கும் அதைத்தான் அடித்தாள். அழித்தாள். அரைப்பக்கத்தையும் அச்செடுத்து, சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு குடையோடு இறங்கினாள்.

குணலட்சுமியின் வீடு அடுத்த ஒழுங்கை. முற்றத்தில் பந்தலுக்குத் தடி நட்டு மேலே தறப்பாள் இழுத்திருந்தார்கள். பிள்ளைகள் நாளைக்குத்தான் விமானத்தால் வந்து இறங்குவார்கள். குணலட்சுமி குசினி நிலத்தில் இருந்து சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

மீனாம்பிகை வாசலிலேயே சொல்லிவிட்டாள். இடமில்லாமல் போனதையும் தான் வாசிக்காமல் ஓகே தட்டியதையும் சேர்த்து. "பாதிதான் மிஞ்சினது, குணமக்கா."

சுளகு நின்றது. "நான் திருப்பிச் சொல்ல மாட்டன் எண்டு சொன்னனான்."

"ஓம் அக்கா. சொன்னனீங்கள்."

"இரு." பலகையைத் தள்ளி விட்டாள். "இருக்கிறதை வாசி, பாப்பம்."

மீனாம்பிகை வாசித்தாள். வளையல் வந்த இடத்தில் குணலட்சுமி தன் வெறுங்கையைப் பார்த்தாள். அடுப்பைப் பத்த வைத்த இடத்தில் வாசிப்பு நின்றது.

"பேந்து?"

"அவ்வளவும்தான் அக்கா."

"பேந்து என்னத்தைச் சொன்னனான்? அழுதுகொண்டு ஏதோ சொன்னனான். தெய்வம் எண்டு சொன்னனானோ?"

"சொன்னனீங்கள் போலைதான் கிடக்குது."

"தெய்வமோ அந்த மனிசன்?" குணலட்சுமியின் வாய் கோணியது. மீனாம்பிகை அழுகை என்று நினைத்தாள். அழுகை இல்லை. "மீனா, அந்த மனிசனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது."

"ஆருக்கு? கனகண்ணைக்கோ?"

"கனகண்ணைக்குத்தான். அவ்வளவு சனத்தை அடைஞ்சுகொண்டு பஸ் ஓட்டுவார். சைக்கிளிலை ஏறினால் வேலிக்கை கிடப்பார். கேட்டால் சொல்லுவார், பஸ் தானா நிக்கும், சைக்கிளை நானெல்லோ பிடிக்கோணும் எண்டு."

மீனாம்பிகை வாயைப் பொத்தினாள்.

"சிரி, சிரி. முதல் பஸ் எடுக்க விடியப்புறம் டிப்போவுக்குப் போகோணும். ஆர் கொண்டுபோறது? நான்தான். அவரைக் கரியரிலை இருத்தி நான் உழக்குவன். மனிசன் ரெண்டு காலையும் நிலத்திலை படாமல் தூக்கிக்கொண்டு, மெல்லப் போ, மெல்லப் போ எண்டு ஒரே புலம்பல். டிப்போ மதில் வாற முடக்கிலை இறங்கிடுவார். சேட்டுக் கொலரை இழுத்து விட்டு, தலையைத் தடவி, நடந்து வந்த ஆள் மாதிரி உள்ளுக்குப் போவார். மழை பெய்தாலும் இப்பிடித்தான். ஒரு கையிலை குடை பிடிச்சு எனக்கு மேலை நீட்டிக்கொண்டு வருவார். அவர் நனைவார்." நிறுத்தினாள். "ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளையளுக்கும் தெரியாது. இதைப் போடு."

"பிள்ளையள் ஏதும் சொல்லுங்களோ அக்கா?"

"அதுகள் தங்கடை பக்கத்திலை தங்கடை விருப்பத்துக்கு எழுதியிருக்குதுகள். இது என்ரை பக்கம்." சுளகை மறுபடி எடுத்தாள். "தெய்வத்தைப் போடாதை."

இந்த முறை மீனாம்பிகை காதால் கேட்டிருந்தாள். வீட்டுக்குப் போய் மிச்சத்தை ஒரே மூச்சில் அடித்தாள். சேமித்தாள். வந்த பெட்டியையெல்லாம் வாசித்தாள். கோப்பின் அளவைப் பார்த்தாள். தில்லைநாதன் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "கனகண்ணையோ, கரியரிலையோ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். பொழுதுபட முன் கல்வெட்டு அச்சகத்துக்குப் போனது.

அந்தியேட்டியன்று மழை விட்டிருந்தது. கீரிமலையால் வந்து, படையல் முடித்து, பந்தலுக்குள் பந்தி இருத்தினார்கள். இலை போட முதலே தில்லைநாதன் கல்வெட்டுகளைக் கொடுத்துக்கொண்டு போனான். டிப்போவில் கூட வேலை செய்தவர்கள் ஒரு வரிசையாக இருந்தார்கள். வழக்கம்போல முகப்பைப் பார்த்து, பின்னுக்குத் தட்டி வம்சாவளியைப் பார்த்து, பிறகு நடுவுக்கு வந்தார்கள். அந்த வரிசையில் முதல் ஒருவர் குலுங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவர். மூத்த மகன் என்னவோ ஏதோ என்று எழும்பி வந்தார்.

அதற்குள் இலைகளில் சோறு விழுந்திருந்தது. உறவுக்காரப் பெண்கள் மறித்தும் கேளாமல் குணலட்சுமி பருப்பு வாளியோடு பந்திக்குள் வந்திருந்தாள். "என்னத்துக்குச் சிரிக்கிறியள்?" என்றாள். அவளுக்குத் தெரியும், இருந்தும் கேட்டாள்.

கனகண்ணையோடு நெடுங்காலம் ஓடிய கொண்டக்டர் தேவராசா கல்வெட்டை மடித்து மடியில் வைத்தார். "அக்கா, குறை நினையாதையுங்கோ. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மதிலுக்குப் பின்னாலை நிண்டு பாக்கிறனாங்கள்."

"எவ்வளவு காலமா?"

"துவக்கத்திலை இருந்து."

"ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"கனகண்ணைதான் சொல்ல விடேல்லை. நாங்கள் பாக்கிறது அவருக்கும் தெரியும். குணத்துக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோடா, தெரிஞ்சால் வெக்கத்திலை நாளைக்கு என்னைக் கொண்டந்து விடமாட்டாள் எண்டு சொன்னவர்."

குணலட்சுமி வாளியோடு நின்றபடியே நின்றாள். அகப்பையில் இருந்து பருப்பு மெல்ல வாளிக்குள்ளேயே வடிந்தது.

"கள்ளன்" என்றாள், அடிக்குரலில். பிறகு குனிந்து, தேவராசாவின் இலையில் சோற்றுக்கு மேலால் இரண்டு அகப்பை விட்டாள்.